கூம்பு நத்தை விஷமும் ஒரு டால்டனும்: மாஸ் ஸ்பெக்கில் ஏமாந்த கதைகளைச் சொல்லுங்கள்

நானே ஆரம்பிக்கிறேன். (மாஸ் ஸ்பெக் என்பது மூலக்கூறுகளின் எடையைக் காட்டும் கருவி; டால்டன் அந்த எடையின் அலகு, ஒரு ஹைட்ரஜன் கிட்டத்தட்ட 1 டால்டன்.) ஆராய்ச்சிக்குச் சேர்ந்த புதிதில் எனக்குக் கிடைத்தது கூம்பு நத்தை என்ற கடல் நத்தை. மன்னார் வளைகுடாப் பக்கம் மீனவர் வலையில் மீனோடு வந்து விழுவதை வாங்கி ஐஸ் பெட்டியில் கொண்டுவருவோம் (உயிரோடு இருப்பதை வெறும் கையால் தொட்டுவிடாதீர்கள், ஊசி மாதிரிப் பல் வைத்திருக்கும்). ஓட்டை உடைத்தால் சுருண்டு கிடக்கும் விஷக்குழாய். அதை அரைத்து மால்டியில் (ஒருவகை மாஸ் ஸ்பெக்) போட்டால் 1000க்கும் 4000 டால்டனுக்கும் நடுவே எண்ண முடியாத அளவுக்கு பீக்குகள், பெரும்பாலும் பெப்டைடுகள் (குட்டிப் புரதங்கள்).

அதில் ஒன்றைப் பிரித்தெடுத்து டிடிடி (சல்பர் பாலங்களை உடைக்கும் ரசாயனம்) சேர்த்தேன், எடை 6 டால்டன் ஏறியது. இரண்டு சிஸ்டீன் அமினோ அமிலங்களை இணைக்கும் ஒரு சல்பர் பாலம் உடைந்தால் இரண்டு ஹைட்ரஜன் ஒட்டும், ஆக மூன்று பாலம். உடைந்த சிஸ்டீன் ஒவ்வொன்றிலும் 57 ஏற்றும் அயோடோஅசிட்டமைடு போட்டதும், அந்த 6ஐயும் சேர்த்து முதலில் இருந்ததைவிட மொத்தம் 348 கூடியது, ஆறு சிஸ்டீன் உறுதி. 2004இல் அமெரிக்காவில் வலி மருந்தாக அனுமதி வாங்கிய சிகோனோடைடும் ஒரு கூம்பு நத்தை விஷப் பெப்டைடின் செயற்கை நகல்தான், 25 அமினோ அமிலம், மூன்று பாலம். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்புறம்தான் வினை. பெப்டைடை உடைத்த துண்டுகளை வைத்து அமினோ அமில வரிசையை எழுதி எடையைக் கூட்டிப் பார்த்தால் கருவி காட்டுவதைவிட 1 டால்டன் அதிகம். மூன்று வாரம் கேலிப்ரேஷனைத் திட்டிக்கொண்டே திரிந்தேன். சீனியர் அக்கா டீயை ஆற்றிக்கொண்டே ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வால்ல அமைடு இருக்கான்னு பாத்தியாடா?" என்றார். கடைசி அமினோ அமிலத்தில் அமிலத்துக்குப் பதில் அமைடு இருந்தால் 0.98 குறையும். நத்தை விஷத்தில் இது சர்வசாதாரணமாம்.

—

அண்ணா, எனக்குத் தவளைத் தோல் சுரப்பு. சரியாக 44, 44 இடைவெளியில் படிக்கட்டு மாதிரி பீக்குகள், புதுப் பெப்டைடு குடும்பம் என்று கைடிடம் ஓடினேன். குப்பியைச் சோப்புத்தூள் போட்டுக் கழுவியிருக்கிறார்கள், வந்ததெல்லாம் அதிலிருந்த பாலிஎத்திலீன் கிளைகால், 44 டால்டன் அலகுகளைக் கோத்த சங்கிலி! இன்றைக்கும் லேப் மீட்டிங்கில் என் பெயர் நாற்பத்து நாலு.

—

லியூசின், ஐசோலியூசின் என்ற இரட்டை அமினோ அமிலங்கள் பற்றி யாருமே வாயைத் திறக்கவில்லையே? பெப்டைடுக்குள் இரண்டும் 113.08, மாஸ் ஸ்பெக்கில் சாதாரணமாக உடைத்தால் வித்தியாசமே தெரியாது. கடைசியில் பெப்டைடை இரண்டு விதமாகவும் செயற்கையாகச் செய்து வாங்கி, எச்பிஎல்சியில் (கலவையைப் பிரித்துக் காட்டும் கருவி) இயற்கைச் சரக்கோடு ஓட்டித்தான் முடிவு கட்டினேன். நான் பந்தயம் கட்டியது லியூசின் மேல், வந்தது ஐசோலியூசின்.