கோட்டயமா, மதுரையா? வெள்ளிக்கிழமைக்குள் சேர வேண்டும்

கொழுந்துக்காரி மகள் (செவ்வாய், இரவு 8:40)

எல்லோருக்கும் வணக்கம். கேரளத்தில் வண்டிப்பெரியாறு பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் இருக்கிறோம். பத்தாம் வகுப்பு வரை தமிழ் மீடியம், பிளஸ் டூ இங்கிலீஷ் மீடியம், இரண்டுமே கேரளப் பள்ளிக்கூடம்தான். எம்.ஜி. பல்கலைக்கழக அலாட்மென்டில் கோட்டயத்துக் கல்லூரி ஒன்றில் பி.எஸ்ஸி. இயற்பியல் கிடைத்திருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலைக்குள் சேர வேண்டும். மதுரையில் சித்தி வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியிலும் அதே பாடத்துக்கு இடம் தருகிறார்கள். செமஸ்டருக்கு 22,000 ரூபாய்.

கோட்டயத்துக்கு நான் ஒரே ஒரு தடவை போயிருக்கிறேன், அதுவும் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு. மதுரைக்கு இரண்டு தடவை, கல்யாணத்துக்கு. இரண்டுமே எனக்குத் தெரியாத ஊர்தான். மலையாளம் பேசினால் புரியும், திருப்பிப் பேசினால் திக்கும். எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். அம்மா "உன் இஷ்டம்" என்று மட்டும் சொல்கிறார். என்ன செய்யலாம்?

கம்பம் ஏலக்காய் (இரவு 9:05)

தங்கச்சி, யோசிக்கவே வேண்டாம், மதுரைக்குப் போ. சொந்தக்காரர் வீடு, சொந்த மொழி. காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுக்க சித்தி இருக்கிறார். கோட்டயத்தில் யார் இருக்கிறார்கள்?

நான் கேரளத்தைக் கண்டு பயப்படுகிறவன் இல்லை. வாரத்தில் மூன்று நாள் குமுளி மலை ஏறி இறங்குகிறேன், என் பிழைப்பே அங்கேதான். ஆனால் 2011 டிசம்பரையும் பார்த்தவன். முல்லைப்பெரியாறு தகராறில் குமுளி பார்டரை அடைத்தபோது, தோட்ட வேலைக்குப் போயிருந்த எங்கள் சொந்தக்காரர்கள் 11 பேர் துணிமணியை அங்கேயே விட்டுவிட்டு இறங்கி வந்து எங்கள் வீட்டில் தங்கினார்கள். வருடக்கணக்கில் ஒன்றாக வேலை பார்த்தவர்களே அந்த வாரம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள் என்று என் அத்தை அழுதது இன்னும் கண்ணில் நிற்கிறது. அணைப் பிரச்சினை தீர்ந்துவிட்டதா? தீரவில்லை. நாளைக்கு மறுபடி ஏதாவது வந்தால், தனியாக ஹாஸ்டலில் இருக்கும் ஒரு தமிழ்ப் பெண் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார்கள்?

எர்ணாகுளம் அக்கா (இரவு 9:31)

ஏலக்காய் அண்ணா, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் இந்தப் பெண் கேரளத்துக்குப் புதிதாகப் போகிறவள் இல்லை, கேரளத்திலேயே பிறந்தவள். 2011-ல் நானும் வண்டிப்பெரியாற்றில்தான் இருந்தேன், லயத்தில், அதாவது எஸ்டேட் தரும் வரிசை வீட்டில். எங்களுக்கு இறங்கிப் போக ஊர் இல்லை. அணையில் தண்ணீர் ஏறினால் முதலில் தூக்கம் கெடுவதும் எங்களுக்குத்தான்.

தங்கச்சி, நான் உன்னைப் போலவே தமிழ் மீடியத்தில் படித்துக் கோட்டயத்தில் சேர்ந்தவள், அதே இயற்பியல். முதல் செமஸ்டர் கஷ்டம்தான், மறைக்கவில்லை. புத்தகம் இங்கிலீஷ், விளக்கம் எல்லாம் மலையாளம். வேகமாகச் சொல்வதைத் தமிழ் எழுத்தில் குறித்து வைத்துக்கொள்வேன். ராத்திரி எடுத்துப் பார்த்தால் 'பலம்' என்று இருக்கும். மலையாளத்தில் விசைக்கும் பலம், விளைவுக்கும் பலம். அவர்களுக்கு அது இரண்டு வேறு எழுத்து, எனக்கு ஒரே 'ப'. ஒரு பக்கம் முழுக்க எந்த பலம் எது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன். அறையில் கூட இருந்த சாலக்குடிக்காரப் பெண் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுத்து முழுவதையும் பெரிதாக எழுதிக் கட்டிலுக்கு மேலே ஒட்டினாள். இரண்டு மாதத்தில் செய்தித்தாள் படித்தேன்.

தமிழர்களைக் கேலியாகச் சொல்லும் "பாண்டி" என்ற பெயரில் கூப்பிட்டவர்களும் இருந்தார்கள். வலித்தது. ஆனால் படிப்பை விட்டுவிட்டு வர வேண்டிய அளவுக்கு அது பெரிதாக இல்லை.

மூணாற்றுப் பையன் (இரவு 9:58)

அக்கா, நான் நேர் எதிராகச் செய்தவன். மூணாறு எஸ்டேட்டிலிருந்து மதுரைக்குப் போய் இங்கிலீஷ் இலக்கியம் படித்தேன், இப்போது சென்னையில் வேலை. எனக்கு மதுரை தந்ததைக் கோட்டயம் தந்திருக்காது.

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் இறங்கிய அன்றைக்கு, டீக்கடை, மருந்துக்கடை, சுவரொட்டி, பஸ் போர்டு என்று கண்ணில் பட்ட எல்லாவற்றையும் நின்று படிக்காமல் நடந்துகொண்டே படித்தேன். பதினெட்டு வயது வரை எனக்கு அப்படி ஓர் ஊர் கிடைத்ததில்லை. வகுப்பில் சந்தேகம் கேட்கும்போது முதலில் மனதுக்குள் மொழிபெயர்த்து, அப்புறம் பயந்து, அப்புறம் கேட்காமலே விட்டுவிடும் பழக்கம் ஒரு மாதத்தில் போய்விட்டது. அதற்கு என்ன விலை வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

உண்மையைச் சொல்ல வேண்டும் என்பதால் இதையும் சொல்கிறேன். அங்கேயும் நான் வெளியூர்க்காரன்தான். முதல் நாள் மெஸ்ஸில் "அண்ணே, கொஞ்சம் வெள்ளம் குடுங்க" என்று கேட்டேன். மலையாளத்தில் தண்ணீருக்கு வெள்ளம் என்பார்கள். மேஜையே திரும்பிப் பார்த்தது. மூன்று வருடமும் என் பெயர் 'சேட்டன்'. மூணாற்றில் பாண்டி, மதுரையில் சேட்டன். ஆனால் மதுரையில் அது கிண்டலோடு நின்றது.

பீர்மேடு வாத்தியார் (இரவு 10:20)

அம்மா கொழுந்துக்காரி மகளே, பீர்மேடு தாலுகாவில் தமிழ் மீடியம் பிள்ளைகளுக்கு 27 வருடம் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். எல்லோரும் மொழியைப் பற்றியே பேசுகிறார்கள். நான் கேட்பது காகிதத்தைப் பற்றி. உன் ஜாதிச் சான்றிதழ் எந்த மாநிலத்தில் வாங்கியது?

கொழுந்துக்காரி மகள் (இரவு 10:26)

எஸ்.சி. சான்றிதழ் சார், கேரளத்தில் வாங்கியது. அதற்கே ஒன்றரை வருடம் ஆனது. 1950-க்கு முன்னாலேயே குடும்பம் இங்கே இருந்ததற்கு ஆதாரம் கேட்டார்கள். தாத்தாவின் அப்பா பெயர் பழைய எஸ்டேட் பதிவேட்டில் கிடைத்ததால்தான் முடிந்தது.

பீர்மேடு வாத்தியார் (இரவு 10:51)

அப்படியானால் கவனமாகக் கேள். ஒரு மாநிலத்தின் எஸ்.சி. சான்றிதழைக் காட்டி இன்னொரு மாநிலத்தில் இட ஒதுக்கீடு கேட்க முடியாது. 1990-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மத்திய அரசு வேலைக்கு அது எங்கேயும் செல்லும், வேறு மாநில அரசு வேலைக்குச் செல்லாது. குமுளி செக்போஸ்ட் தாண்டினால் தமிழ்நாட்டுக் கணக்கில் நீ வெளிமாநிலத்துப் பொதுப் பிரிவு. தமிழ்நாட்டில் கல்லூரிப் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் இருக்கிறதே, அதுவும் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அந்த மாநிலத்தில் படித்தவர்களுக்குத்தான். நீ தமிழிலேயே படித்திருந்தாலும் உனக்குக் கிடையாது.

கோட்டயத்தில் அலாட்மென்ட் மூலம் கிடைத்த சீட் என்பதால் கேரள அரசின் உதவித்தொகைத் திட்டமான இ-கிராண்ட்ஸ் வழியாகக் கல்விக் கட்டணமும் ஹாஸ்டல் செலவும் கேட்கலாம். இன்னொன்று: கேரள அரசு வேலைக்கு ஆள் எடுக்கும் தேர்வாணையமான பி.எஸ்.சி., உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் வேலைக்கு 'தமிழ் மீடியம்' என்று தனியாகவே விண்ணப்பம் கேட்கிறது, அறிவியலுக்கும் சேர்த்து. இயற்பியல் பட்டம், பி.எட்., கே-டெட் என்கிற கேரள ஆசிரியர் தகுதித் தேர்வு, கூடவே தமிழில் படித்த படிப்பு. இந்த நாலும் ஒரே ஆளிடம் இருப்பது அபூர்வம். என் காலத்திலேயே அறிவியலுக்கு ஆள் கிடைக்காமல் வகுப்புகள் சும்மா கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், சார் வருவாரா என்று.

மூணாற்றுப் பையன் (இரவு 11:08)

வாத்தியார் ஐயா, மரியாதையோடு மறுக்கிறேன். சான்றிதழ் பற்றிச் சொன்னது அத்தனையும் சரி. எனக்கும் மேனேஜ்மென்ட் சீட் என்பதால் எந்த உதவித்தொகையும் கிடைக்கவில்லை. அப்பா வட்டிக்கு வாங்கித்தான் கட்டினார், அந்தக் கடன் போன வருடம்தான் அடைந்தது. ஆனால் எஸ்டேட் பிள்ளை படித்தால் எஸ்டேட் பள்ளிக்கூடத்துக்கே திரும்பி வர வேண்டும் என்று ஏன் முதலிலேயே முடிவு செய்கிறோம்? அவளுக்கு ஆராய்ச்சி செய்யப் பிடிக்கலாம், வேறு வேலை பிடிக்கலாம். காகிதத்துக்காக ஊரைத் தேர்ந்தெடுத்தால் வாழ்நாள் முழுக்க அந்தக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும்.

எர்ணாகுளம் அக்கா (இரவு 11:19)

தம்பி, நீ காகிதத்தைப் பிடித்துக்கொண்டு நிற்காமல் இருக்க உன் அப்பாவால் வட்டி கட்ட முடிந்தது. இவள் வீட்டில் யார் கட்டுவது? நாள் கூலி நானூற்றுச் சொச்சம். 22,000 ரூபாய்க்கு அவள் அம்மா ஐம்பது நாள் கொழுந்து எடுக்க வேண்டும், அதுவும் சாப்பிடாமல். வருடத்துக்கு இரண்டு செமஸ்டர்.

மூணாற்றுப் பையன் (இரவு 11:24)

சரி அக்கா, அது நியாயம். பணத்தைப் பற்றி நான் பேசியிருக்கக் கூடாது. மற்றதில் என் கருத்து அப்படியேதான் இருக்கிறது.

கொழுந்துக்காரி மகள் (புதன், காலை 6:15)

எல்லாவற்றையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அம்மா மஸ்டருக்கு, அதாவது காலையில் எஸ்டேட்டில் பெயர் கூப்பிடும் இடத்துக்கு, கிளம்பிக்கொண்டே ஒரு விஷயம் சொன்னார், அதை இதுவரை என்னிடம் சொன்னதில்லை. இன்னும் நாலு வருடத்தில் அம்மாவுக்கு ரிட்டயர்மென்ட். அதற்குப் பிறகு லயத்தைக் காலி செய்ய வேண்டும். அப்பா இல்லை. சங்கரன்கோவில் பக்கம் சொந்த ஊர் என்று சொல்வார்கள், அங்கே எங்களுக்கு ஒரு சென்ட் கூடக் கிடையாது. "நீ எங்கே காலூன்றுகிறாயோ அங்கேதான் நான் வரணும், அதனால்தான் உன் இஷ்டம் என்றேன்" என்றார். நான் படிப்புக்கு இடம் தேடுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சித்தி வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். நல்லவர். ஆனால் ஒன்றரை அறைதான். தம்பி இந்த வருடம் பன்னிரண்டாவது. நான் போனால் சமையல்கட்டில் படுக்க வேண்டும், தம்பி படிக்கும் இடமும் போகும். சித்தி வாய் திறந்து சொல்ல மாட்டார்.

கம்பம் ஏலக்காய் (காலை 7:40)

இதைப் படித்த பிறகு ராத்திரி எழுதியதைத் திரும்பப் பார்த்தேன். சான்றிதழ் விஷயம் எனக்குத் தெரியாது. நாங்கள் அந்தப் பக்கம் போய் வருகிறவர்கள், ராத்திரி வீடு திரும்பிவிடுவோம். லயத்தை விட்டால் வீடே இல்லை என்கிற நிலைமை எங்களுக்குப் புரியாமல் போய்விட்டது.

ஆனால் பாதுகாப்பு பற்றி நான் சொன்னதை வாபஸ் வாங்க மாட்டேன். கோட்டயம்தான் என்றால், ஹாஸ்டல் கல்லூரி வளாகத்துக்குள் இருக்க வேண்டும். வெளியில் அறை எடுக்காதே. அம்மாவுக்குப் போன் எடுக்காத நேரத்தில் யாரைக் கூப்பிடுவது என்று ஒரு பெயரை இப்போதே முடிவு செய்துகொள்.

பீர்மேடு வாத்தியார் (காலை 8:02)

நல்ல யோசனை. மகளே, பாட விஷயம் ஒன்று. 2024 முதல் கேரளத்தில் டிகிரி நான்கு வருடம் ஆகிவிட்டது. மூன்றாவது வருடத்தோடும் பட்டம் வாங்கி வெளியே வரலாம், நாலாவதும் படித்தால் ஆனர்ஸ். மூணாற்றுத் தம்பி சொன்னது போல உனக்கு ஆராய்ச்சி ஆசை இருந்தால் நாலாவது வருடம் உதவும். பி.எட். போக நினைத்தால் மூன்றோடு வந்துவிடு, அம்மாவின் நாலு வருடக் கணக்கோடு ஓரளவு பொருந்தும். சேரும்போதே இரண்டாம் மொழியாகத் தமிழ் உண்டா என்று கேள். எல்லாக் கல்லூரியிலும் இல்லை. இல்லாவிட்டால் தமிழை விட்டுவிடாமல் நீயே படி.

மூணாற்றுப் பையன் (காலை 8:30)

நானாக இருந்தால் இன்னமும் மதுரைதான். ஆனால் வீடு என்கிற கணக்கு எனக்கு வரவில்லை, ஏனென்றால் என் அண்ணன் இன்னும் எஸ்டேட்டில் வேலை பார்க்கிறான், லயம் எங்களிடம் இருக்கிறது. கோட்டயம் போ தங்கச்சி. முதல் லீவுக்கு மதுரைக்கு வந்து சித்தி வீட்டில் இரண்டு நாள் இரு. கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போ, 2023-ல் திறந்தது. ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து தமிழில் படி. அது உனக்கு வேண்டியிருக்கும்.

கொழுந்துக்காரி மகள் (இரவு 7:50)

அம்மா மஸ்டரில் லீவு சொல்லிவிட்டார். நாளைக் காலை முதல் பஸ்ஸில் கோட்டயம் போகிறோம். ஹாஸ்டலைப் பார்த்துவிட்டு அங்கேயே சேர்ந்துவிடலாம் என்று இருக்கிறேன். சித்திக்குப் போன் செய்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு "சரிம்மா, தீபாவளிக்கு வந்துடு" என்றார்.

எர்ணாகுளம் அக்கா, அந்தக் காலண்டர் தாள் இன்னும் இருக்கிறதா?

எர்ணாகுளம் அக்கா (இரவு 8:15)

இல்லையடா, ஹாஸ்டல் சுவரிலேயே விட்டுவிட்டு வந்தேன். இன்று ராத்திரி புதிதாக எழுதிப் படம் அனுப்புகிறேன்.

சான்றிதழ் எல்லாவற்றுக்கும் மூன்று மூன்று நகல், போட்டோ ஆறு, அலாட்மென்ட் மெமோ, டி.சி., பேங்க் பாஸ்புக் எடுத்துக்கொள். உதவித்தொகை எதுவும் சேர்ந்த அன்றே கைக்கு வராது, மூன்று மாத மெஸ் செலவுக்காவது கையில் வைத்துக்கொள். குட்டிக்கானம் தாண்டியதும் வளைவில் அம்மாவுக்குத் தலை சுற்றலாம், எலுமிச்சம்பழம் எடுத்துப் போ. வளாக ஹாஸ்டலில் இடம் இல்லை என்று சொன்னால் வந்த பஸ்ஸிலேயே திரும்பாதே. பக்கத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஹாஸ்டல் எது என்று ஆபீஸிலேயே கேள். மலையாளத்தில் கேள், திக்கினாலும் பரவாயில்லை. நான் நாளை லீவு, போன் பக்கத்திலேயே இருப்பேன்.