புது பிக்கப்பா, 5 வருடம் ஓடிய பிக்கப்பா? செடி ஏற்ற வண்டி தேடுகிறேன்

நாற்றங்கால்

வணக்கம். நான் செடி நாற்றுப் பண்ணை நடத்துகிறேன். இதுவரை எல்லாம் வாடகை வண்டிதான். வண்டிக்காரர் தங்கமானவர், ஆனால் மொட்டு விட்ட செடியையும் சிமெண்ட் மூட்டையையும் ஒரே மாதிரிதான் அடுக்குவார். கிளை முறிந்த செடியை வாடிக்கையாளர் கையில் கொடுக்க எனக்கு மனம் வருவதில்லை. அதனால் சொந்த வண்டி என்று முடிவாகிவிட்டது. புதுசா, பழசா என்பதில்தான் பல வாரமாக வீட்டில் பேச்சு ஓடுகிறது.

என் ஓட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் பக்கத்து வீடுகள், 5, 6 கிலோமீட்டருக்குள். ஒரு வீட்டில் நிறுத்துவேன், குழி தோண்டி நட்டுக் கொடுப்பேன், பிறகு அடுத்த வீடு. மாதத்தில் ஓரிரு முறை மொத்தமாகக் கன்றும் பூச்சட்டியும் எடுக்க நெடுஞ்சாலையில் தூரம் போவேன். மழைக்கு முன்னால் மண், எரு ஏற்றுவேன். மண் என்றால் பின்தொட்டி நிறைய.

பார்த்து வைத்திருப்பது இரண்டு வண்டிகள்.

ஒன்று புது டீசல், டபுள் கேப், அதாவது இரண்டு வரிசை இருக்கை. கடனில்தான் எடுக்க முடியும். தவணை கட்டுவேன், ஆனால் விற்பனை படுக்கும் மாதங்களில் கழுத்தைப் பிடிக்கும்.

இன்னொன்று 5 வருடம் ஓடிய சிங்கிள் கேப், ஒரே வரிசை இருக்கை, அதுவும் டீசல். விலை புதியதில் பாதிக்குச் சற்று மேல். கையில் இருக்கும் பணத்திலேயே முடிந்துவிடும். ஒரே உரிமையாளர், மீட்டர் 48,000 காட்டுகிறது. பெயிண்ட் பளிச்சென்று இருக்கிறது, பின்தொட்டிக்குப் புதிதாகப் பிளாஸ்டிக் லைனர் போட்டிருக்கிறார்கள். இவ்வளவு குறைவாக ஓடிய வண்டி கிடைப்பது அபூர்வம் என்று விற்பவர் சொல்கிறார். என் மனமும் அந்தப் பக்கம் சாய்கிறது.

மனைவி புதுசுதான் என்கிறார். "வழியில் நின்றுவிட்டால் வெயிலில் செடி வாடுமே, அதற்கு யார் பதில்?" என்று கேட்கிறார். அதிலும் நியாயம் இருக்கிறது. எனக்கு வண்டி ஓட்டத் தெரியும், உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மேட்டுவழி

புதுசு எடுங்கள். உத்தரவாதம் இருக்கும் காலம் வரைக்கும் என்ஜின், கியர்பாக்ஸ் கவலை உங்களுடையது இல்லை. பழைய வண்டிக்கும் கடன் கிடைக்கும், ஆனால் பொதுவாக வட்டி கூட, தவணைக் காலம் குறைவு. நீங்கள் ரொக்கமாக எடுப்பதால் அந்தப் பிரச்சினை இல்லை, ஆனால் கையிருப்பு முழுவதையும் வண்டியில் கொட்டிவிட்டால் பிறகு டயர் மாற்றக்கூடப் பணம் இருக்காது.

ஒன்றை மட்டும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கிளட்ச், பிரேக் பேட் போன்ற தேயும் பொருள்கள் உத்தரவாதத்தில் பெரும்பாலும் வராது. அனுமதித்த எடைக்கு மேல் ஏற்றி ஏதாவது உடைந்தால் அதுவும் வராது. நீங்கள் மண் ஏற்றுவதாகச் சொல்வதால் இதைச் சொல்கிறேன்.

ஸ்பேனர்14

தம்பி, பட்டறை வைத்திருக்கிறேன், பிக்கப் வேலைதான் அதிகம். நீங்கள் கேட்டது புதுசா பழசா என்று. உங்கள் ஓட்டத்தைப் படித்ததும் எனக்கு வேறு இடத்தில் கவலை வந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன், முதலில் அந்தப் பழைய வண்டியைப் பார்ப்போம்.

48,000 என்பதைப் பார்த்து மயங்காதீர்கள். 5 வருடத்தில் 48,000 என்றால் வருடத்துக்கு 10,000 கூட இல்லை. அது எப்படி ஓடிய 48,000 என்பதுதான் கேள்வி. என்ஜின் சூடேறுவதற்குள் அணைத்து, மறுபடி எடுத்து, மறுபடி அணைத்து ஓடிய வண்டியில் எரியாத எரிபொருளும் நீராவியும் ஆயிலில் இறங்கும். முழுதாகச் சூடாகாததால் அவை ஆவியாகி வெளியே போகாது. ஆயில் கெட்டு, உள்ளே தேய்மானம் கூடும். நெடுஞ்சாலையில் 1.5 லட்சம் ஓடி, நேரத்துக்கு ஆயில் மாற்றிய வண்டியின் என்ஜினை நான் இதைவிட நம்புவேன். சர்வீஸ் ரசீதுகளைக் கேளுங்கள், ஒவ்வொன்றிலும் தேதியும் கிலோமீட்டரும் ஒழுங்காக ஏறிக்கொண்டே வரவேண்டும். டிஜிட்டல் மீட்டரையும் திருத்த முடியும். 48,000 மட்டுமே ஓடிய வண்டியில் பிரேக் பெடல் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருந்தால், டிரைவர் சீட்டின் ஏறி இறங்கும் ஓரம் கிழிந்திருந்தால் அங்கேயே பேச்சை நிறுத்துங்கள்.

அடுத்தது சேஸ், வண்டி முழுவதையும் தாங்கும் அடிச்சட்டம். என்னைப் பொறுத்தவரை பழைய பிக்கப்பில் முதலில் பார்க்க வேண்டியது என்ஜின் இல்லை, சேஸ்தான். என்ஜினைப் பிரித்துச் சரிசெய்யலாம், மாற்றக்கூடச் செய்யலாம். துரு தின்ற சேஸை, அதிக லோடில் வளைந்த சேஸை முழுதாகப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. அப்படி ஒரு சேஸைக் கொண்டுவந்து "ஒரு வெல்டிங் வைத்துக் கொடுங்கள்" என்று கேட்டால் நான் மறுத்துவிடுவேன். அதில் ஒரு குடும்பமே ஏறி உட்காரும்.

அதனால் அந்தப் புது லைனரைக் கழற்றச் சொல்லுங்கள். அடியில் தகடு எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். லைனருக்கும் தகட்டுக்கும் நடுவில் தண்ணீர் தேங்கினால் துரு வெளியே தெரியாமலே வளரும். பிறகு கேபினுக்கும் பின்தொட்டிக்கும் இடையில் உள்ள இடைவெளியைப் பாருங்கள். இரண்டு பக்கமும், மேலேயும் கீழேயும் ஒரே அளவாக இருக்க வேண்டும். மேலே ஒரு அளவும் கீழே ஒரு அளவுமாக இருந்தால் லோடு அதிகம் ஏற்றி சேஸ் வளைந்திருக்கலாம். குனிந்து பின் ஸ்பிரிங் பட்டைகளை எண்ணுங்கள், கம்பெனி கொடுத்ததைவிட ஒரு பட்டை கூடுதலாக இருந்தால் அந்த வண்டி என்ன சுமந்தது என்று உங்களுக்கே புரியும். சேஸ் முழுக்கப் புதிதாகக் கறுப்பு பெயிண்ட் அடித்திருந்தால் ஸ்குரூ டிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், துருவேறியது மங்கலாகக் கேட்கும். சேஸில் குத்தியிருக்கும் 17 எழுத்து, எண் கொண்ட அடையாள வரிசை ஆவணத்தில் உள்ளதோடு அப்படியே பொருந்துகிறதா என்று படித்துப் பாருங்கள். அதில் ஆங்கில ஐ, ஓ, கியூ எழுத்துகள் வரவே வராது.

டயரின் பக்கவாட்டில் 4 இலக்கம் இருக்கும். 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-வது வாரம் செய்தது. நான்கு டயரும் வேறு வேறு வருடம், முன் டயர் உள்பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறது என்றால் காரணத்தைக் கேட்டு வாங்குங்கள்.

இப்போது என் கவலை. புது டீசல் வண்டிகளில் பெரும்பாலானவற்றில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி இருக்கிறது, டிபிஎஃப் என்போம். சேர்ந்த கரியை அது தானே எரித்துக்கொள்ள 600 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். அதற்கு வண்டி நிற்காமல் சீராகக் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். 5 கிலோமீட்டர் போய் அணைத்தால் அது பாதியில் நின்றுவிடும். கரி சேர்ந்து அடைக்கும், விளக்கு எரியும், என்ஜின் இழுவை குறையும். சில வண்டிகளில் கரியை எரிக்கக் கூடுதலாகத் தெளிக்கும் டீசல் ஆயிலில் கலந்து, ஆயில் அளவே ஏறிவிடும். புது வண்டியாக இருந்தாலும் உங்கள் ஓட்டத்துக்கு டீசல் பொருந்தவில்லை தம்பி. பழைய வண்டியிலும் டிபிஎஃப் இருந்தால் இதே கதைதான்.

நாற்றங்கால்

அண்ணா, மிக்க நன்றி. இதை எந்த விற்பனையாளரும் எனக்குச் சொல்லவில்லை. புது வண்டிக் கடையில் என் ஓட்டத்தை விவரமாகச் சொன்னேன், கேட்டுக்கொண்டுதான் டீசல் காட்டினார்கள்.

லைனரைக் கழற்றிக் காட்டச் சொல்லிப் பழைய வண்டிக்காரரிடம் கேட்டேன். ஒட்டிவிட்டோம், கழற்றினால் பாழாகிவிடும் என்கிறார். கழற்றும் செலவையும் புது லைனர் செலவையும் நானே தருகிறேன் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றவர் இன்னும் சொல்லவில்லை.

அப்படியானால் பெட்ரோலா? இழுவை போதுமா? மண் ஏற்றும்போது திணறாதா?

கூடைக்காரி

நான் மரச்சாமான் டெலிவரி செய்கிறேன், பழைய பிக்கப்தான். பணப்பக்கம் மட்டும் சொல்கிறேன், வண்டிப்பக்கம் அண்ணன் சொல்லிவிட்டார்.

புது வண்டியின் விலை மிகவும் வேகமாக இறங்குவது முதல் சில வருடங்களில். அந்த இறக்கத்தை முதல் உரிமையாளர் தாங்கிக்கொண்டார், நான் அதற்குப் பிறகு வாங்கினேன். வாங்கும்போதே தவணைக் கணக்கு ஒன்று போட்டேன். புதுசு எடுத்திருந்தால் மாதம் எவ்வளவு கட்டியிருப்பேனோ அதில் ஒரு பகுதியைத் தனிக் கணக்கில் போட்டு வருகிறேன். கிளட்ச் போனது, அந்தப் பணத்தில் போட்டேன். வியாபாரம் மந்தமான மாதத்தில் போடாமல் விட்டாலும் யாரும் கேட்க மாட்டார்கள். வங்கித் தவணையை அப்படி விட முடியாது. உங்களைப் போல வரவு ஏறி இறங்கும் தொழிலுக்கு இது பெரிய நிம்மதி.

உங்கள் மனைவி கேட்ட கேள்வி மிகச் சரியானது. ஆனால் புது வண்டியும் உதிரிப்பாகத்துக்குக் காத்துக்கொண்டு சர்வீஸில் நிற்கும். எந்த வண்டி வாங்கினாலும் உங்கள் பழைய வாடகை வண்டிக்காரர் நட்பை விட்டுவிடாதீர்கள், செடி அடுக்கும் விதத்தையும் அவருக்குச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.

டபுள் கேப் எதற்கு என்றும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். அதில் பின்தொட்டி 1.5 மீட்டர் அளவுதான் இருக்கும். உயரமான கன்றைப் படுக்க வைத்தால் நுனி வெளியே நீட்டி, காற்றில் இலை எல்லாம் கிழிந்துவிடும். சிங்கிள் கேப் பின்தொட்டி பெரும்பாலும் 2 மீட்டருக்கு மேல்.

ஸ்பேனர்14

தங்கை சொன்ன தொட்டி நீளத்தை நானே சொல்லியிருக்க வேண்டும், செடிக்கு அது முக்கியம்.

பெட்ரோல் போதும். நெடுஞ்சாலையில் லோடுடன் மேடு ஏறும்போது டீசல் அளவுக்கு இழுக்காது, எரிபொருளும் கூடக் குடிக்கும். ஆனால் உங்கள் ஓட்டத்தில் அந்தத் தூரப் பயணம் மாதத்துக்கு ஓரிரண்டுதான். மீதி நாளெல்லாம் குறுகிய ஓட்டம், அதற்குப் பெட்ரோல் என்ஜின் சீக்கிரம் சூடாகும், பராமரிப்பும் எளிது. ஆயிலை மட்டும் கிலோமீட்டர் பார்க்காமல் காலம் பார்த்து மாற்றுங்கள். நீங்கள் 10,000 ஓடுவதற்குள் ஆயில் கெட்டுவிடும்.

மண்ணுக்கு வருவோம், இதில் என்ஜின் இழுவை இரண்டாம் பட்சம். ஈர மண் ஒரு கன மீட்டர் 1,500 கிலோ வரைக்கும் வரும். 1.5 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம், அரை மீட்டர் ஆழம் என்று வைத்தால் தொட்டி நிறைய மண் 1,600 கிலோவைத் தாண்டும். பல பிக்கப்கள் 1,000 கிலோ அளவுக்குத்தான் சுமக்கும், அதிலும் ஓட்டுபவர், உடன் வருபவர், நீங்கள் பொருத்திய கம்பி, லைனர் எல்லாம் சேர்த்தி. நீளத் தொட்டி என்றால் ஆசை இன்னும் கூடும், கவனம். கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் தகட்டிலோ கையேட்டிலோ மொத்த எடை இருக்கும், அதிலிருந்து வெறும் வண்டி எடையைக் கழித்துக்கொள்ளுங்கள். மண்ணைப் பாதித் தொட்டி வீதம் இரண்டு நடையாக எடுங்கள், எடையை முன்பக்கம் கேபினை ஒட்டி வையுங்கள். பின் அச்சுக்குப் பின்னால் எடை போனால் முன் சக்கரம் லேசாகி, ஸ்டீயரிங்கும் பிரேக்கும் சொன்னபடி கேட்காது.

லைனரைக் கழற்ற விடாத வண்டி வேண்டாம். செலவை நீங்களே ஏற்கிறீர்கள் என்றும் யோசிக்கிறார் என்றால் அடியில் இருப்பது அவருக்குத் தெரியும். 3, 4 வருடம் ஓடிய பெட்ரோல் சிங்கிள் கேப் தேடுங்கள், கிலோமீட்டர் கொஞ்சம் கூட இருந்தாலும் பரவாயில்லை, ரசீது இருக்க வேண்டும்.

நாற்றங்கால்

மனைவியிடம் எல்லாப் பதிலையும் படித்துக் காட்டினேன். தனிக் கணக்கில் பணம் போடுவதை இப்போதே தொடங்கலாம், வண்டி கிடைக்கிற வரைக்கும் வாடகை வண்டி இருக்கிறது என்றார். அவசரம் இல்லை என்று ஆனதே பெரிய ஆறுதல். பெட்ரோல் சிங்கிள் கேப் ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது, லைனரே இல்லை, தொட்டியில் கீறல் எல்லாம் வெளியே தெரிகிறது. இந்த வாரம் போய்ப் பார்க்கப் போகிறேன்.

ஸ்பேனர்14

கீறல் தெரிந்தால் நல்லது, மறைக்கவில்லை என்று அர்த்தம். போகும் முன் போன் செய்து, காலையில் வண்டியை எடுக்க வேண்டாம், நான் வந்து ஸ்டார்ட் செய்கிறேன் என்று சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் ஆறிய பிறகு இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லித் திரும்பிவிடுங்கள். ஜில்லென்று இருந்தால் நீங்களே சாவி போட்டு, வேறு ஒருவரைப் பின்னால் நிற்கவைத்துப் புகையின் நிறத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். நீல நிறத்தில் வந்தால் ஆயில் எரிகிறது, எனக்குப் போட்டோ எடுத்து இங்கே போடுங்கள்.