புதுப்பிப்பு: தங்கையின் கல்விக்கடனில் வட்டி மானியம் ஏறிவிட்டது

குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருப்பதால் படித்த காலத்து வட்டிக்கு மத்திய அரசின் மானியம் உண்டு, இருந்தும் அந்த வட்டி முழுவதையும் அசலோடு சேர்த்துத் தவணை கட்டச் சொல்கிறது தங்கையின் வங்கி என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது அம்பத்தூர் அண்ணன் சொன்ன வழி. வாயால் கேட்காமல், தாசில்தார் தந்த வருமானச் சான்றிதழ் நகலோடு கடிதம் எழுதி, இன்னொரு பிரதியில் சீலும் தேதியும் வாங்கினோம். சீல் குத்தவே கவுன்டரில் கொஞ்சம் முனகினார்கள். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மேனிடம் (வங்கிகள் மீதான புகார்களை விசாரிப்பவர்) போகலாம் என்ற விதியையும் கடிதத்திலேயே குறிப்பிட்டிருந்தோம். அதுவரை போகத் தேவைப்படவில்லை. வங்கியின் சென்னை மண்டல அலுவலகத்திலிருந்தே போன் வந்தது. மானியம் எப்போதோ வந்து, தங்கை கணக்கில் ஏறாமல் சஸ்பென்ஸ் கணக்கில் (யாருடையது என்று முடிவாகாத பணத்தை வங்கி தற்காலிகமாக வைக்கும் கணக்கு) கிடந்திருக்கிறது!

எதிர்பாராதது இதற்கு அப்புறம்தான். பணத்தை அன்றைய தேதியில் வரவு வைத்தார்கள். மானியம் வங்கிக்கு வந்த தேதியிலிருந்து வட்டியைத் திரும்பக் கணக்கிடச் சொல்லி மறுபடி எழுதிய பிறகே, இடையில் கூடுதலாகப் போட்டிருந்த வட்டியும் கழிந்தது. ஸ்டேட்மென்ட் வாங்கி வரி வரியாகப் பாருங்கள். மாதத் தவணை குறையவில்லை, கடன் காலம்தான் சுருங்கியது. எங்களுக்கு அதுவே சரி. தவணை குறைய வேண்டுமென்றால் தனியாகக் கேட்க வேண்டுமாம்.

80இ (கல்விக்கடன் வட்டிக்கான வருமான வரிக் கழிவு) பற்றிக் கேட்டவருக்கு: கட்டும் வட்டிக்கு எட்டு ஆண்டுகள் வரை கழிவு உண்டு, ஆனால் பழைய வரி முறையில் மட்டும்.