மருந்துப் பூச்சு உள்ள இடுப்பு மூட்டு: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

மும்பைத் தமிழ் அன்பர்களுக்கு வணக்கம். செம்பூரில் எங்களுடன் வசிக்கும் என் அம்மாவுக்கு வயது 72. ஆறு ஆண்டுகளுக்கு முன் பொருத்திய செயற்கை இடுப்பு மூட்டு தளர்ந்துவிட்டதால், அதை எடுத்துவிட்டு வேறொன்று வைக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டியபோது, உலோகத் தண்டுக்கும் எலும்புக்கும் நடுவே நூலிழை போல ஒரு கறுப்புக் கோடு ஓடுவதை நானே பார்த்தேன். நாற்காலியிலிருந்து எழுந்து முதல் அடி வைக்கும்போதே அம்மா தொடையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறார்.

டைட்டானியத்தோடு எலும்பு நேரடியாகப் பிணைந்துகொள்ளும் என்பதை சுவீடன் ஆய்வாளர் பிரோனெமார்க் 1950-களில் முயல் எலும்பில் கண்டார் என்றும், எலும்பின் தாதுவை ஒத்த ஹைட்ராக்சிஅபடைட்டைப் பூசினால் அப்பிணைப்புக்குத் துணையாகும் என்றும் படித்தேன். எலும்பு கரைவதைக் குறைக்கும் சோலெட்ரோனேட்டையோ, ஜென்டாமைசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லியையோ பூச்சில் ஏற்றி, அந்த இடத்திலேயே சிறுகச் சிறுகக் கசியவிடும் ஆய்வுகளும் நடந்துள்ளன. கிருமிகள் உலோகத்தின் மேல் படலம் கட்டிவிட்டால் ரத்தத்தில் செலுத்தும் மருந்துக்கு அவை எளிதில் மடிவதில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை நோயும் இருப்பதால் இந்தக் கிருமித் தொற்றே என் பெரிய கவலை.

முறிந்த கால் எலும்புக்குள் செலுத்தும், ஜென்டாமைசின் பூசிய உலோகத் தண்டு ஐரோப்பாவில் பயன்பாட்டுக்கு வந்திருக்கிறது. இடுப்பு மூட்டுக்கு அத்தகைய பூச்சு மும்பையில் யாருக்காவது வைக்கப்பட்டதா? மறு அறுவைக்கு முன் மூட்டு நீரை எடுத்துத் தொற்று இருக்கிறதா என்று சோதித்தார்களா? மருத்துவரிடம் நான் மறக்காமல் கேட்க வேண்டியது எது? எலும்பு மருத்துவமோ உயிர்மருத்துவப் பொறியியலோ படித்தவர்கள் இரண்டு வரி எழுதினாலும் பேருதவியாக இருக்கும். அறுவை சிகிச்சை அடுத்த மாதம்.