பெர்சி ஜீவ்ஸ்: 50 ஆட்டத்தை வைத்து ‘இங்கிலாந்து இழந்த பந்துவீச்சாளர்’ என்று சொல்லலாமா?

நடுஸ்டம்பு:
முதல் உலகப்போரில் மாண்ட கவுண்டி (இங்கிலாந்தின் மாவட்ட அணி) ஆட்டக்காரர்கள் என்று பேச்செடுத்தாலே வார்விக்‌ஷயரின் பெர்சி ஜீவ்ஸ் வந்துவிடுகிறார். “பிழைத்திருந்தால் இங்கிலாந்துக்கு ஆடியிருப்பார்” என்பதும் கூடவே வந்துவிடுகிறது. இதில் எனக்கு உடன்பாடில்லை.

மொத்தம் 50 முதல்தர ஆட்டங்கள். 199 விக்கெட், சராசரி 20.03 (ஒரு விக்கெட்டுக்குக் கொடுத்த ரன், குறைய குறைய நல்லது). மட்டையில் 1204 ரன், சராசரி 16.05, அதிகபட்சம் ஆட்டமிழக்காமல் 86. முழுதாக ஆடியது 1913, 1914 என்று இரண்டே சீசன். 1913இல் அவர் எடுத்தது 106 விக்கெட். அதே ஆண்டு யார்க்‌ஷயரின் மேஜர் பூத் 181 விக்கெட் எடுத்து ஆயிரம் ரன்னையும் தாண்டினார் (மேஜர் என்பது அவருக்கு வைத்த பெயர், ராணுவப் பதவி அல்ல). 1914இல் கென்ட்டின் கொலின் பிளைத் 170 விக்கெட்டை 15 சொச்சம் சராசரியில் எடுத்தார். இவர்களோடு ஒப்பிட்டால் ஜீவ்ஸ் நல்ல கவுண்டி பந்துவீச்சாளர், அவ்வளவுதான். நகைச்சுவை எழுத்தாளர் பி.ஜி. வுட்ஹவுஸ் தன் கதைகளில் வரும் பணியாளருக்கு அந்தப் பெயரை வைத்திருக்காவிட்டால் இன்று நாம் அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம்.

ஈரப்பிட்ச்:
பிளைத்தை இதில் இழுப்பது நியாயமில்லை நண்பரே. அவர் இடக்கை சுழல். அந்தக் காலத்தில் ஆடுகளத்தை மூடுவது கிடையாது. மழை பெய்து வெயில் அடித்தால் களம் பிசுபிசுப்பாகிப் பந்து நின்று திரும்பும். அது சுழல்காரருக்கு விருந்து. வேகமாக ஓடிவந்து போடுகிறவருக்கு நேர் எதிர்: ஓடிவரும் பாதையும் சேர்ந்தே நனைந்திருக்கும். கால் ஊன்றும் இடத்தில் மரத்தூளைக் கொட்டினாலும் பிடிமானம் கிடைக்காது, வேகத்தைக் குறைத்தே ஆகவேண்டும். ஜீவ்ஸ் வலக்கை, மிதவேகத்துக்குச் சற்று மேல். அலட்டிக்கொள்ளாத ஓட்டம், எளிமையான கை அசைவு, தரையில் பட்டதும் எதிர்பார்த்ததைவிடச் சட்டென்று எழுந்து திரும்பும் பந்து. இந்த வகைக்காரருக்கு 20 என்பது வேறு கணக்கு.

இன்னொன்று, மொத்த சராசரியைப் பிரித்துப் பாருங்கள். 1913இல் 106 விக்கெட், 20.88. மொத்தத்திலிருந்து அதைக் கழித்தால் மீதி 93 விக்கெட்டுக்குச் சுமார் 19 வருகிறது. அந்த 93இல் 90 விக்கெட் 1914இல் எடுத்தவை. முதல் சீசனில் புது ஆள் என்று திணறிய மட்டையாளர்கள் இரண்டாவது சீசனில் பழகிவிடுவார்கள், சராசரி ஏறும். வழக்கமாக நடப்பது அதுதான். இவருக்கு இறங்கியிருக்கிறது.

நடுஸ்டம்பு:
சரி, சுழல்காரரை விட்டுவிடுவோம். பூத் இவர் வகைதானே? 1913-14 தென்னாப்பிரிக்கப் பயணத்துக்கு பூத்தைத்தான் எடுத்தார்கள். வார்விக்‌ஷயரிலிருந்து விக்கெட் கீப்பர் ‘டைகர்’ ஸ்மித் போனார், ஜீவ்ஸ் போகவில்லை. தேர்வாளர்கள் கண்ணெதிரே 106 விக்கெட் இருந்தும் எடுக்கவில்லை. அதற்கு முன் 1910இல் சொந்த மாவட்டமான யார்க்‌ஷயரே தேர்வு ஆட்டங்களில் பார்த்துவிட்டு வேண்டாமென்று விட்டது. இரண்டு இடத்திலும் நிராகரிப்பு.

பழையஸ்கோர்:
இரண்டையும் நிராகரிப்பு என்று எழுதுவதற்கு முன் அந்த இடங்களில் யார் இருந்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

1910 யார்க்‌ஷயர்: ஜார்ஜ் ஹெர்ஸ்ட், வில்பிரட் ரோட்ஸ், ஸ்கோபீல்ட் ஹெய்க். பின்னால் பூத், அலோன்சோ டிரேக். இந்த வரிசையில் கூல் கிளப்பிலும் ஹாஸ் என்ற சிற்றூரிலும் ஆடிக்கொண்டிருந்த 22 வயதுப் பையனுக்கு எங்கே இடம்?

1913-14 பயணம்: சிட்னி பார்ன்ஸ், கேப்டன் டக்ளஸ், ஆல்பர்ட் ரெல்ஃப், பூத். நான்கு பேருமே வலக்கை, மிதவேகம் அல்லது அதற்குச் சற்று மேல். ஐந்தாவதாக அதே வகையில் ஒருவரை, அதுவும் ஒரே ஒரு முழு சீசன் ஆடியவரை, யாரும் கப்பல் ஏற்ற மாட்டார்கள்.

“இரண்டே சீசன்” என்பதற்கும் காரணம் உண்டு. அன்றைய விதிப்படி ஒரு கவுண்டிக்கு ஆட வேண்டுமென்றால் அங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லையேல் இரண்டு ஆண்டு குடியிருக்க வேண்டும். யார்க்‌ஷயரின் எர்ல்ஸ்ஹீட்டனில் பிறந்தவர் வார்விக்‌ஷயருக்கு வந்து அந்தத் தகுதிக்காலத்தைக் கழித்தார். 1912இல் ஆஸ்திரேலிய, தென்னாப்பிரிக்கப் பயண அணிகளுக்கு எதிராக மட்டும் இறக்கினார்கள். அவை கவுண்டி சாம்பியன்ஷிப் ஆட்டங்கள் இல்லாததால் விதி தடுக்கவில்லை. அவற்றில் பெரிதாக எதுவும் செய்யவில்லை, உண்மைதான். சாம்பியன்ஷிப் கதவு திறந்தபோது அவருக்கு வயது 25.

லாங்லெக்:
பெயர் விஷயத்தில் ஒரு திருத்தம். 1913 ஆகஸ்டில் செல்ட்டனாமில் குளோஸ்டர்ஷயருக்கு எதிரான ஆட்டத்தில்தான் வுட்ஹவுஸ் இவரைப் பார்த்தார். பல பத்தாண்டுகள் கழித்து, 1967இல், இதைப் பற்றிக் கேட்டவருக்கு எழுதிய பதிலில் அந்தப் பந்துவீச்சு அசைவை மிகவும் ரசித்ததாகச் சொல்கிறார். அதனால்தான் பெயரும் மனதில் தங்கியது. கிரிக்கெட் தெரிந்த ஒருவரின் கண்ணில் அந்த அசைவு நின்றது முதலில், கதை பிறகு. பெயரால் மட்டுமே புகழ் என்று சொன்னால் வரிசை தலைகீழாகிறது.

நடுஸ்டம்பு:
அழகான அசைவு விக்கெட் ஆகாது. உங்கள் எல்லோருக்கும் கடைசிச் சாட்சி முன்னாள் இங்கிலாந்து கேப்டன் பெல்ஹாம் வார்னர்தானே? “விரைவில் இங்கிலாந்துக்கு ஆடுவார்” என்று அவர் கணித்ததாக வருவது விஸ்டன் கிரிக்கெட் ஆண்டு மலரின் இரங்கல் குறிப்பில். இறந்தவரைப் பற்றி இரங்கல் குறிப்பு கொஞ்சம் கூட்டித்தான் சொல்லும்.

ஈரப்பிட்ச்:
அதே குறிப்பு 1912இல் அவர் சோபிக்கவில்லை என்கிறது, 1914இல் மட்டை சரிந்ததையும் மறைக்கவில்லை. கூட்டிச் சொல்கிற கை இப்படி எழுதாது. வார்னர் சொன்னது அனுதாபத்தில் அல்ல, ஆட்டத்தைப் பார்த்து: 1914 ஜூலை, ஓவல், ஜென்டில்மேன் (ஊதியம் வாங்காமல் ஆடுகிறவர்கள்) அணிக்கு எதிராக பிளேயர்ஸ் (ஊதியத்துக்கு ஆடுகிறவர்கள்). இரண்டாவது இன்னிங்ஸில் 15 ஓவர், 44 ரன், 4 விக்கெட். பிளேயர்ஸ் வென்றது. அன்று அந்த ஆட்டத்துக்கான தேர்வு டெஸ்ட் தேர்வுக்கு அடுத்த படி. அந்தக் கோடையில் இங்கிலாந்தில் டெஸ்ட்டே கிடையாது. ஆகஸ்ட் 4 போர் வந்தது, ஓவல் மைதானத்தை ராணுவம் எடுத்துக்கொண்டு சர்ரேயின் ஆட்டங்கள் லார்ட்ஸுக்குப் போயின. ஏறுவதற்கு இருந்த எல்லாப் படியும் ஏறியிருந்தார். அடுத்த படியே இல்லை.

நடுஸ்டம்பு:
அடுத்த டெஸ்ட் தொடர் 1920-21. அப்போது அவருக்கு 32. ஆறு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு வேகம் மிஞ்சியிருக்கும் என்பது வெறும் ஊகம்.

பழையஸ்கோர்:
ஊகம்தான், ஆனால் அடித்தளம் உள்ள ஊகம். செசில் பார்க்கின் ஜீவ்ஸைவிட இரண்டு வயது மூத்தவர். 1906இல் யார்க்‌ஷயருக்கு ஒரே ஆட்டம் ஆடி, எல்லைக்கு வெளியே பிறந்தவர் என்று தெரிந்ததும் கழற்றிவிடப்பட்டவர். லங்காஷயருக்கு வந்ததே 1914இல்தான். அவர் 34 வயதில் ஆஸ்திரேலியா போய், 5-0 என்று தோற்ற அந்தத் தொடரில் இங்கிலாந்துக்கு அதிகபட்சமாக 16 விக்கெட் எடுத்தார். அதே கப்பலில் போன ஹாரி ஹவல், ஜீவ்ஸ் இருந்தபோதே வார்விக்‌ஷயருக்கு ஆடத் தொடங்கியவர். 1913-14இல் ஜீவ்ஸின் வழியை அடைத்து நின்ற நால்வரில் பூத் 1916 ஜூலை 1 அன்று சோம் போர்க்களத்தில் மாண்டார். பார்ன்ஸ் 1920-21 பயணத்தில் இல்லை. காலியிடம் இருந்தது.

மூன்றே வாரத்தில், ஜூலை 22 அன்று, ஹை வுட் தாக்குதலில் ஜீவ்ஸும் போனார். ராயல் வார்விக்‌ஷயர் படையின் 15ஆவது பட்டாலியன், வயது 28. உடல் கிடைக்கவில்லை, தியெப்வால் நினைவுச்சுவரில் பெயர் இருக்கிறது.

நடுஸ்டம்பு:
பார்க்கின் உதாரணம் வலுவானது, ஏற்கிறேன். பந்துவீச்சாளராக 1920-21 பரிசீலனையில் இருந்திருப்பார் என்பது வரை வருகிறேன். ‘ஆல்ரவுண்டர்’ என்று எழுதுவதை மட்டும் நிறுத்துங்கள். 1913இல் 765 ரன், சராசரி 20.13. அதைக் கழித்தால் மற்ற இரண்டு சீசனுக்கும் சேர்த்து 439 ரன், சராசரி 12கூட இல்லை.

ஈரப்பிட்ச்:
1914இல் எந்த இடத்தில் இறங்கினார், எத்தனை முறை அவசரமாக ரன் சேர்க்க அனுப்பினார்கள் என்று ஆட்டவாரியாகப் பார்க்காமல் அந்த 12ஐ நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.