புதுப்பிப்பு: அப்புச்சிக்கு ஹோல்டர் வைத்துப் பார்த்தாயிற்று

கோபியில் இருக்கும் எங்கள் அப்புச்சிக்கு (அம்மாவின் அப்பா) அடிக்கடி கண்ணை இருட்டிக்கொண்டு வருகிறது, இரண்டு முறை எடுத்தும் ஈசிஜி நார்மல் என்கிறார்கள், என்ன செய்யலாம் என்று போன வாரம் கேட்டிருந்தேன். ஹோல்டர் (இதயத் துடிப்பை நாள் முழுக்கப் பதியும் கருவி) வைத்துப் பாருங்கள் என்று சொன்னவர்களுக்கு ரொம்ப நன்றிங்க.

ஈரோட்டுக்குக் கூட்டிப்போனோம். சாதாரண ஈசிஜி சுமார் 10 விநாடித் துடிப்பைத்தான் பதிகிறது, அந்த நேரத்தில் கோளாறு வராவிட்டால் தாளில் எதுவும் தெரியாது என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். அப்புறம் நெஞ்சில் பட்டைகளை ஒட்டி, சின்னப் பெட்டி ஒன்றை இடுப்பில் மாட்டி, 24 மணி நேரம் கழற்றவே கூடாது, குளிக்கக் கூடாது, தலை சுற்றினால் மணியைக் குறித்து வையுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அப்புச்சி அதோடேயே கட்டுத்தரைக்குப் போய்ப் பால் கறந்திருக்கிறார். காலண்டர் தாளின் பின்பக்கம் பென்சிலில் "4.40, இருட்டுச்சு" என்று எழுதி வைத்திருந்தார்.

ரிப்போர்ட்டில் சரியாக அதே 4.40க்கு இதயம் 4 விநாடிக்கு மேல் நின்று, பிறகு துடித்திருக்கிறது. அந்த நேர்கோட்டைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது.

எக்கோவில் (இதய ஸ்கேன்) வால்வு, பம்பிங் எல்லாம் நன்றாக இருக்கிறது, துடிப்பைக் கிளப்பும் மின்சாரத்தில்தான் கோளாறு. பேஸ்மேக்கர் (துடிப்பைச் சீராக வைக்கும் சின்னக் கருவி) வைக்க வியாழக்கிழமை அட்மிஷன். செல்போனை இனிமேல் அந்தக் கருவிக்குப் பக்கத்தில், இடது சட்டைப் பையில் வைக்க வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிட்டார்கள், அதற்கு மட்டும் அப்புச்சி இன்னும் சம்மதிக்கவில்லை.