'நே' என்றால் ஆமாவா, இல்லையா? அவசரம்

உப்புக்காற்று: கப்பலில் இருக்கிறேன். இன்று ராத்திரி வாட்ச் (காவல் பணி முறை) மாற்றிக்கொள்ளலாமா என்று செகண்ட் மேட் என்ற கப்பல் அதிகாரியிடம் கேட்டேன். வீட்டோடு போனில் பேசிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்து 'நே' என்று தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். நான் தூங்கலாமா? சீக்கிரம் சொல்லுங்கள்.

கோமளா: எந்த நாட்டுக்காரர்?

சியோல் சீனு: கொரியராகத்தான் இருப்பார். 'நே' என்றால் மரியாதையான ஆமாம். சிலர் சொன்னால் 'டே' என்றே கேட்கும், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆனால் நாம் 'ம்ம்' கொட்டுவது போலவும் சொல்வார்கள். அப்போது காதில் விழுந்தது என்றுதான் அர்த்தம், சம்மதம் இல்லை.

கோமளா: கப்பலில் கிரேக்கர்களும் நிறைய. அவர்களுக்கும் 'நே' ஆமாம்தான். மறுப்புக்கு 'ஓஹி'.

இலக்கணப்புலி: மொழி எது என்று சொல்லிவிட்டுக் கேள்வி கேட்கும் பழக்கம் இங்கே யாருக்கும் வராது போலிருக்கிறது. துருக்கியில் 'நே' என்றால் 'என்ன?'. ஜப்பானியத்தில் வாக்கியக் கடைசியில் ஒட்டிக்கொண்டு நம் 'இல்லையா?' வேலையைச் செய்யும். ஹங்கேரியில் சாதாரண மறுப்புக்கு 'நெம்'. 'நே' வருவது விலக்குவதற்கு. 'நே மெஞ்' என்றால் போகாதே. நம் 'இல்லை'க்கும் '-ஆதே'க்கும் உள்ள வித்தியாசம்தான். இந்தியில் அது வெறும் உருபு, ஆனால் பொல்லாதது: 'ராம் நே ரோட்டி காயீ' என்னும்போது தின்றவன் ஆண், வினையோ ரொட்டியைப் பார்த்துப் பெண்பாலாகிவிடும்.

சியோல் சீனு: கொரியனும் தமிழும் ஒரே குடும்பம் சார். அங்கேயும் அப்பா அப்பாதான்.

இலக்கணப்புலி: கொரியாவில் இருந்த அமெரிக்க மிஷனரி ஹல்பர்ட் 1905லேயே கொரியனையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டார். மொழியியலாளர்கள் ஏற்கவில்லை. ப, ம எல்லாம் குழந்தை வாயில் முதலில் வருகிற ஒலிகள். அதை வைத்து உறவு கொண்டாடினால் உலகமே சம்பந்திதான்.

சியோல் சீனு: சரி, அவர்கள் பேச்சிலும் 'நீ' என்றால் நீதான். அதுவும் தற்செயலா?

கோமளா: சண்டையை வேறு இழையில் வைத்துக்கொள்ளுங்கள். உப்புக்காற்று, தலையை எப்படி ஆட்டினார்?

உப்புக்காற்று: மேலும் கீழும். பல்கேரியாவாம், குக் சொன்னார்.

கோமளா: போச்சு. அங்கே 'நே' என்றால் இல்லை, 'டா' என்றால் ஆமாம். தலையாட்டலும் நமக்கு நேர்மாறு. மறுக்கும்போதுதான் மேலும் கீழும் அசைப்பார்கள், ஆமாம் என்றால் பக்கவாட்டில். வாயும் தலையும் ஒரே பதிலைத்தான் சொல்லியிருக்கின்றன.

உப்புக்காற்று: பூட்ஸ் மாட்டிக்கொண்டிருக்கிறேன். நன்றி.

சியோல் சீனு: 'நீ'க்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.